ஆகஸ்டில் ஒரு சாமத்திய வீடு

அன்புள்ள அக்கா,

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். கணவர் வயல் செய்கிறார். மூத்த மகள் தை மாதம் பெரியபிள்ளையானாள். வீட்டோடு தண்ணி வார்த்து, களி கிண்டிக் கொடுத்தோம். பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள். எனக்கு அதுவே போதும். ஆனால் கனடாவில் இருக்கும் கணவரின் தமையன் ஆகஸ்ட் லீவில் வருகிறார். மண்டபம் எடுத்துச் சாமத்திய வீட்டைப் பெரிதாகச் செய்வோம், பாதிச் செலவு தன்னுடையது என்கிறார். மற்றப் பாதிக்கு நாங்கள் நகையை அடகு வைக்க வேண்டும். மாமியோ, "என்ரை மகளுக்கு 2009இலை ஒண்டும் செய்யேலாமப் போச்சு, பேத்திக்காவது ஊர் பாக்கச் செய்யவேணும்" என்று அழுகிறா. செய்யாவிட்டால் என்ன கதைப்பார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. இரவில் போனை எடுத்தால் மற்றவர்கள் வீட்டுக் கொண்டாட்டப் படங்களைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறேன், பிறகு நித்திரை வருவதில்லை. எந்த வழக்கத்தை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

ஓர் அம்மா, முல்லைத்தீவு மாவட்டம்

அன்புள்ள தங்கச்சி,

கணவரின் தமையன் என்ன விரும்புகிறார், மாமி என்ன விரும்புகிறா, ஊர் என்ன கதைக்கும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் எல்லாம் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. மகள் என்ன சொல்கிறாள் என்பதை மட்டும் காணவில்லை. அவளிடம் கேளுங்கள். தனியாக இருக்கும் நேரம் பார்த்துக் கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். சில பிள்ளைகளுக்குச் சாறி கட்டி, நகை போட்டுப் படமெடுக்க நல்ல ஆசை இருக்கும். அதில் பிழையே இல்லை. சில பிள்ளைகளுக்கு வகுப்புப் பெடியன்கள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்ற நினைப்பே வேதனை. நான் போன சாமத்திய வீடுகளில், விடியப்புறம் எழுப்பி அலங்கரித்த பிள்ளை தலைச்சோடனையின் பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் நிற்பாள். மத்தியானம் தாண்டியும் சாப்பிட்டிருக்க மாட்டாள். "இஞ்சை பாருங்கோ பிள்ளை, சிரியுங்கோ" என்று வீடியோக்காரர் சொல்லச் சொல்லச் சிரிப்பாள். யாருக்காக அந்தச் சோறு ஆக்கினார்களோ அவள் பசியோடு நிற்க, பந்தி நடக்கும். அவளுடைய உடம்பில் நடந்த ஒன்றை ஊருக்கு அறிவிப்பதென்றால் அவளுடைய சம்மதம் வேண்டும். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

வழக்கம், வழக்கம் என்கிறோமே, அதில் எது பழசு? பாலும் அறுகும் வைத்துத் தண்ணி வார்ப்பது, உளுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் கொடுத்து உடம்பைத் தேற்றுவது, தாய்மாமன் வந்து நிற்பது, இவையெல்லாம் எங்கள் அம்மம்மாமாருக்கும் நடந்தவை. சந்தியில் பிள்ளையின் படத்தோடு பதாகை, ட்ரோன் கமரா, நாலைந்து சாறி மாற்றி எடுக்கும் அல்பம், இதெல்லாம் யுத்தம் முடிந்து, ஏ9 பாதை திறந்து, கடனும் வெளிநாட்டுக் காசும் வன்னிக்குள் தாராளமாக வந்த பிறகு பெருகியவை. இருபது வருடம்கூட ஆகாத ஒன்றை முன்னோர் வழக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

யுத்தத்தின் கடைசி மாதங்களான 2009இன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்துகொண்டிருந்தபோதும் பிள்ளைகள் பெரியவர்களானார்கள். பங்கருக்குப் பக்கத்தில் ஒரு சாறியை மறைப்பாகப் பிடித்து, கிடைத்த தண்ணியை வார்த்துவிட்டு மறுபடி ஓடிய தாய்மார் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமை 2012 செப்டெம்பரில் மூடும்வரை, தகரக் கொட்டிலுக்குள்ளும் கூடாரத்துக்குள்ளும் அப்படித்தான் நடந்தது. அந்தப் பிள்ளைகள் இன்றைக்கு தாய்மார், உங்களைப் போல ஆசிரியைகள். மண்டபம் எடுக்கவில்லை என்பதற்காக அவர்களில் ஒருவரையாவது ஊர் குறைவாகப் பார்க்கிறதா?

ஆனால் இதே நியாயத்தை மாமியிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவவுக்கு இது வாதமே இல்லை. தன் மகளுக்குக் கொடுக்க முடியாமல் போனதைத்தான் அந்த மனிசி அழுகிறா. அதை "ஊருக்குப் பயந்த கதை" என்று ஒதுக்கினால் அநியாயம். ஒரு பின்னேரம் பக்கத்தில் இருந்து, அந்த நாள் எப்படி இருந்தது, மகளுக்கு என்ன செய்ய ஆசைப்பட்டா என்று கேளுங்கள். யாரும் இதுவரை கேட்டிருக்க மாட்டார்கள். அவ சொல்லப்போகிறதில் ட்ரோன் கமரா இருக்காது. தன் கையால் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டும், ஒரு நல்ல சாறி எடுத்துக் கொடுக்க வேண்டும், நாலு பெண்கள் ஆலாத்தி எடுக்க வேண்டும் என்றுதான் இருக்கும். அதை முற்றத்தில் ஒரு சின்னப் பந்தல் போட்டுச் செய்யலாம். உங்கள் மச்சாளையும் கூப்பிட்டு, அன்றைக்கு அவவையும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தி ஒரு சாறி கொடுங்கள். மாமிக்கு அது போதும் என்று நினைக்கிறேன்.

இப்போது நகைக்கு வருகிறேன். இதில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும். வயல் செய்கிற வீட்டில் நகை என்பது காலபோகத்துக்கான, அதாவது மாரிமழையை நம்பிச் செய்யும் பெரிய நெல் விதைப்புக்கான முதல். புரட்டாதி, ஐப்பசியில் உழவுக்கும் விதைநெல்லுக்கும் உரத்துக்கும் காசு வேண்டும்போது சங்கிலி அடகுக்குப் போகும், அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் திரும்பி வரும். ஆகஸ்டில் அதை மண்டபத்துக்கு அடகு வைத்துவிட்டால் விதைப்புக்கு என்ன வைப்பீர்கள்? அப்போதுதான் கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று வசூலிக்கும் நுண்கடன் வீட்டுக்குள் வருகிறது. அந்தக் கடன் எங்கள் பெண்களை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்கே தெரியும். 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவிக்கும் அளவுக்குப் போனது.

அன்பளிப்பில் செலவு திரும்பி வந்துவிடும் என்று சொல்வார்கள். யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி வைக்கும் அந்த சீ.ஆர். கொப்பியை ஒருமுறை விரித்துப் பாருங்கள். பெயர், ஊர், தொகை. திருப்பிச் செய்தாயிற்று என்றால் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி. சிவப்பு விழாத வரி ஒவ்வொன்றும் நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். மறுபக்கத்தையும் பாருங்கள். கச்சான் பிடுங்கவும் களை பறிக்கவும் நாட்கூலிக்குப் போகும் ஒரு பெண், உங்கள் கொப்பியில் பெயர் வரவேண்டும் என்பதற்காக யாரிடமாவது கைமாற்று வாங்கியிருப்பா. நீங்கள் பெரிதாகச் செய்தால் அவவின் பிள்ளைக்கும் அப்படிச் செய்ய வேண்டி வரும். ஊர் கதைக்கும் என்று பயப்படுகிறீர்கள். அந்த ஊரில் பாதிப் பேர், யாராவது ஒருவர் சின்னதாகச் செய்தால் தாங்களும் தப்பலாம் என்று காத்திருக்கிறார்கள். ஒரு ரீச்சர் வீட்டில் முற்றத்தோடு நடந்தது என்ற செய்திக்கு அங்கே நல்ல பெறுமதி இருக்கிறது.

எதை வைப்பது, எதை விடுவது என்று கேட்டீர்கள். நான் பார்க்கிற விதம் இது: படமே எடுக்க முடியாது என்றால் இதைச் செய்வோமா? களி கிண்டுவோம், எண்ணெய் வைப்போம். பதாகை கட்ட மாட்டோம். அப்புறம், இதன் பாரம் யாருடைய தோளில் விழுகிறது என்றும் பார்ப்பேன். துடக்கு என்று பிள்ளையை ஒரு மூலையில் இருத்தி, தனித் தட்டு, தனிப் பாய் கொடுப்பதையும், துடக்குத் துணி எடுக்கச் சலவைத் தொழில் செய்த குடும்பத்தைத்தான் கூப்பிட வேண்டும் என்பதையும் பழசு என்பதற்காக நான் ஏற்க மாட்டேன். இரண்டும் ஒரு மனிதரைக் குறைத்துவிட்டு நடக்கிற காரியங்கள். இன்னொன்று, ஆசிரியையாக நீங்கள் செய்யக்கூடியது: மாதவிடாய் என்றால் என்ன, வலி வந்தால் என்ன செய்வது, பள்ளிக்கூடத்தில் எப்படிச் சமாளிப்பது என்று மகளோடு தெளிவாகக் கதையுங்கள். ஊரைக் கூட்டிக் கொண்டாடும் எத்தனையோ வீடுகளில் இந்தக் கதை மட்டும் நடப்பதில்லை.

போனை இரவில் குசினியில் வைத்துவிட்டுப் படுங்கள். உங்களை நித்திரை கொள்ளவிடாத படங்களில் முக்கால்வாசி, அதை எடுத்த வீட்டுக்காரர்களின் கடனைக் காட்டாத படங்கள்.

கணவரின் தமையனைக் குறை நினைக்க வேண்டாம். இரண்டு வேலை செய்து சேர்த்த காசோடு, சொந்த மண்ணில் தன் சனத்துக்கு முன்னால் ஒரு நாள் நிற்க ஆசைப்படுகிறார். அந்த ஆசைக்கு இடம் கொடுங்கள். ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலில் அவர் கையால் ஒரு பொங்கல், வீட்டு முற்றத்தில் சொந்தங்களுக்கு ஒரு சாப்பாடு. அவர் தரவிருக்கும் பாதியில் மிஞ்சுவதை மகளின் பெயரில் வங்கியில் போடச் சொல்லிக் கேட்கலாம். கணவரும் நீங்களும் சேர்ந்து, இந்தக் கிழமையே கதையுங்கள். மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டால் அவரும் பின்வாங்க மாட்டார், உங்களுக்கும் வாய் வராது.

அன்புடன்,
அக்கா