காணாமல் போன சேலைக்குச் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் ஏஜென்ட் மூலமாகச் சேர்ந்து விற்பனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மாதச் சம்பளம் 13,500 ரூபாய். ஸ்டாக் எடுத்தபோது இரண்டு பட்டுச் சேலைகள் குறைந்ததாகச் சொல்லி, எங்கள் தளத்தில் இருந்த ஐந்து பேரிடமும் தலைக்கு 3,400 ரூபாயும், செல்போன் பார்த்ததற்காக என்னிடம் தனியாக 1,200 ரூபாயும் பிடித்துவிட்டார்கள். பாதிச் சம்பளம் வரை பிடிக்கச் சட்டமே அனுமதிக்கிறது என்கிறார்கள். உண்மையா?

பதில்: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பில் அந்தப் பாதி வரம்பு இருக்கிறது, ஆனால், சட்டப்படி செல்லக்கூடிய பிடித்தங்கள் எல்லாம் சேர்ந்தும் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பதே அதன் பொருளாகும். அதைக் காட்டி எதை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று சொல்வது கணக்குப்பிள்ளைகளின் பழைய தந்திரம்.

அபராதத்துக்குத் தனி வரம்பு உண்டு: ஒரு மாதச் சம்பளத்தில் 3 சதவீதம். உங்கள் கணக்கில் அது 405 ரூபாய்தான். அதையும், எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அறிவித்து, உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகே விதிக்கலாம். வசூலான தொகையும் பணியாளர் நலனுக்கே செலவாக வேண்டும், கல்லாவுக்குப் போகக் கூடாது.

சேலை விஷயத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதைக் கவனமாகப் படியுங்கள். பாதுகாப்புக்காக ஒருவரிடம் வெளிப்படையாக ஒப்படைக்கப்பட்ட பொருள், அவருடைய கவனக்குறைவால் நேரடியாகத் தொலைந்திருந்தால், அவரிடம் விளக்கம் கேட்ட பின், இழப்பின் அளவுக்கு மிகாமல் பிடிக்கலாம். ஸ்டோர் சாவியை வைத்துக்கொண்டு, எண்ணிக் கையெழுத்திட்டுச் சரக்கு வாங்கியவருக்கு இது பொருந்தும். கல்லாப் பணத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய காசாளருக்கும் பொருந்தும். நாள் முழுவதும் வாடிக்கையாளர்களும் சக ஊழியர்களும் எடுத்து விரிக்கும் அடுக்குக்கு முன்னால் நிற்பவரிடம் அந்தச் சேலைகள் 'ஒப்படைக்கப்பட்டவை' ஆகிவிடாது. தொகையை ஐந்தாக வகுத்த அந்தக் கணமே, யாருடைய கவனக்குறைவு என்று கடைக்காரருக்கே தெரியவில்லை என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

நான் அதிகம் அஞ்சுவது ஏஜென்டைப் பற்றித்தான். 'சம்மதத்துடன் பிடித்தம்', 'கணக்கு முழுவதும் தீர்ந்தது' என்று அச்சிட்ட தாளையோ வெற்றுத் தாளையோ நீட்டுவார், கையெழுத்திடாதீர்கள். ஏற்கெனவே இட்டிருந்தாலும் கலங்க வேண்டாம், சட்டப்படி வரவேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஏஜென்ட் தராவிட்டால் கடை உரிமையாளரே பொறுப்பு. பணத்தை மீட்டுத் தருகிறேன், வருவதில் பங்கு கொடு என்று தொழிலாளர் அலுவலக வாசலில் நிற்கும் தரகரையும் நம்பாதீர்கள். மனுவை நீங்களே கொடுக்கலாம், நீங்கள் உறுப்பினராக உள்ள பதிவுபெற்ற சங்கமும் கொடுக்கலாம்.

மனு கொடுக்க, 1936-ஆம் ஆண்டு ஊதியம் வழங்கல் சட்டத்தில் 12 மாதமாக இருந்த கால வரம்பு இப்போது மூன்று ஆண்டு. பிடித்த தொகையோடு, அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு வழங்கவும் மனுவை விசாரிக்கும் அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. ஊதியத்தைச் சரியாகக் கொடுத்ததாக நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. மூன்று மாதத்தில் முடிவு சொல்ல 'முயல வேண்டும்' என்கிறது சட்டம்; அந்த ஒரு சொல்லில் எத்தனை வாய்தாக்களை அடக்கலாம் என்பதை நான் பார்த்துச் சலித்திருக்கிறேன். ஆகவே சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கில் வரவான தொகை, பிடித்தம் குறித்து வந்த வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் நகலை இணைத்து, தேதியிட்ட மனுவாகக் கொடுத்து, உங்கள் பிரதியில் அலுவலக முத்திரை பெற்ற பின்பே வெளியே வாருங்கள்.