ஓசூர் பக்கத்துத் தளியில் மார்கழிக் குளிருக்குக் கூடாரத்துக்குள் அடுப்பு வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம். மூடிய கூடாரத்தில் அடுப்பு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். சமையலை வெளியே முடித்துவிடுங்கள். அப்புறம், யானை நடமாடும் காட்டோரம் வேண்டாம். தோட்டத்துக்காரரிடம் கேட்டு அவர் தோட்டத்தில் தங்குங்கள்.

மெல்லிய கூடாரமே போதும், ஆனால் அடியில் நுரைப்பாய் கட்டாயம். படுத்தால் தரை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றுவழியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இல்லையென்றால் மூச்சின் ஈரம் துணியில் படிந்து, விடியற்காலையில் போர்வைமேல் சொட்டும்.

அடுப்பு எரிய எரிய அதன் பியூட்டேன் எரிவாயுக் குப்பி சில்லிட்டு, தீ மந்தமாகும். பற்றவைக்கும் முன் குப்பியை ஸ்வெட்டருக்குள் வைத்திருங்கள். படுக்கும்போது சாதா எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி, சாக்ஸுக்குள் போட்டுக் காலடியில் வையுங்கள். பிளாஸ்க் சரிவராது, சூட்டை வெளியே விடாது.