ஸ்பீட்வே லீக்கை ஒரு சீசன் முழுக்கத் தொடர்ந்து பார்ப்பதில் என்ன இருக்கிறது?

கேள்வி இதுதான்: "பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் நான்கு சுற்று சுற்றுகிறார்கள். ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது. இதற்கு அணி, லீக், சீசன் என்றெல்லாம் எதற்கு? தொடர்ந்து பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

தொடர்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்தால் இது வேகப் போட்டி. ஒரு சீசனைப் பார்த்தால் இது கணக்கும் அனுபவமும் மோதுகிற விளையாட்டு. இங்கிலாந்தின் பீட்டர்பரோ பாந்தர்ஸ் அணி 2021இல் ஆடிய சீசனை வைத்து இதை விளக்குகிறேன். அப்போது நான் அந்த ஊரில் வசித்தேன். வேலையிடத்தில் உடனிருந்த போலந்து நண்பர் ஒருவர்தான் என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். அவருடைய சொந்த ஊர் லெஷ்னோ. அந்தச் சிறு நகரத்தின் ஊனியா அணி 2017 முதல் 2020 வரை தொடர்ந்து நான்கு முறை போலந்து லீக்கை வென்றது. அங்கே ஸ்பீட்வே என்றால் ஊரே திரண்டு வரும். இங்கிலாந்தில் கூட்டம் குறைவு. ஆனால் வருகிறவர்கள் ஆண்டுக்கணக்கில் வருகிறவர்கள்.

முதலில் அடிப்படை. வண்டி 500 சிசி, ஒற்றை சிலிண்டர். பெட்ரோல் கிடையாது, மெத்தனால். கியர் ஒன்றுதான். பிரேக் இல்லாதது ஆபத்தாகத் தோன்றும். உண்மையில் முன்னால் போகிறவர் திடீரென்று வேகத்தைக் குறைக்க முடியாது என்பதால்தான் இத்தனை நெருக்கத்தில் ஓட்ட முடிகிறது. வளைவில் பின்சக்கரத்தை வேண்டுமென்றே வெளிப்பக்கம் சறுக்கவிட்டு, கைப்பிடியை எதிர்ப்பக்கம் திருப்பி, இரும்புத் தகடு பொருத்திய இடது காலணியைத் தரையில் தேய்த்தபடி திரும்புவார்கள். ஓட்டம் எப்போதும் இடப்பக்கமாகத்தான். முதல் வளைவின் வேலியோரம் நின்றால் சக்கரம் வாரியடிக்கும் செம்மண் போன்ற பொடிக்கல் முகத்திலும் சட்டைப்பையிலும் வந்து விழும். எரிந்த மெத்தனாலும் எண்ணெயும் கலந்த அந்த வாடை ஒரு முறை பழகிவிட்டால் பிறகு எங்கே அடித்தாலும் அடையாளம் தெரியும்.

ஓர் ஆட்டத்துக்கு 15 ஓட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் அணிக்கு இருவர். முதலில் வருபவருக்கு 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்கு ஒன்றுமில்லை. ஆக ஓர் ஓட்டத்துக்கு 6, ஆட்டம் முழுவதற்கும் 90. எந்த அணி 46ஐத் தொடுகிறதோ அது வென்றது. இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்: ஒருவர் முதலில் வந்து, அவருடைய கூட்டாளி கடைசியில் வந்தால் 3-3. மின்னல் வேகத்தில் வென்றும் அணிக்கு லாபமில்லை. அந்தக் கூட்டாளி ஒரே ஓர் எதிரியை முந்தி மூன்றாவதாக வந்துவிட்டால் 4-2. ஆட்டங்கள் பெரும்பாலும் இந்த மூன்றாம் இடத்தில்தான் முடிவாகின்றன. பழைய ரசிகர்கள் முன்னால் போகிறவரைப் பார்ப்பதில்லை என்பதை நான் கவனித்திருக்கிறேன். அவர்கள் கண் பின்னால் நடக்கும் சண்டையில் இருக்கும். கையில் நிகழ்ச்சித் தாளும் பேனாவும் இருக்கும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் கட்டத்தில் புள்ளியை எழுதிவிட்டுத்தான் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவார்கள்.

இனி பிரிட்டிஷ் லீக்கின் தனித்தன்மைக்கு வருகிறேன். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்ததும், அதே சமயம் மனத்தை வருத்துவதும் இதுதான். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு சராசரி உண்டு. அவர் எடுத்த புள்ளிகளை ஓடிய ஓட்டங்களால் வகுத்து நான்கால் பெருக்குவார்கள். தன் கூட்டாளிக்கு நேர் பின்னால், ஓர் எதிரியையாவது முந்தி வந்தால் ஒரு கூடுதல் புள்ளி கிடைக்கும். அது அணியின் கணக்கில் சேராது, வீரரின் சராசரியில் சேரும். ஐந்து ஓட்டங்களில் 8 புள்ளியும் ஒரு கூடுதல் புள்ளியும் எடுத்தவரின் சராசரி 7.2. சீசன் தொடங்கும் முன் அணியைக் கட்டும்போது எல்லோருடைய சராசரியையும் கூட்டினால் ஒரு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டக் கூடாது. பணக்கார அணி எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொண்டு போய்விடாமல் தடுப்பதற்கான விதி இது. நல்ல நோக்கம்தான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: ஓர் அணி ஒன்றாகச் சேர்ந்து நன்றாக ஆடினால் எல்லோருடைய சராசரியும் ஏறும், ஏறினால் அடுத்த ஆண்டு அந்த அணி வரம்புக்குள் அடங்காது, யாரையாவது விட்டாக வேண்டும். வெற்றியே அணியைக் கலைக்கிறது. அதனால்தான் இங்கே ஒரு சீசன் என்பது திரும்ப வராத ஒன்று. ஓர் அணியின் அந்த ஏழு பேர் மறுபடியும் அதே சட்டையில் சேர்ந்து நிற்பார்கள் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது.

2020இல் கொரோனாவால் பிரிட்டிஷ் லீக் நடக்கவே இல்லை. 2021இல் மே மாதம்தான் தொடங்கியது. மேல்மட்டப் பிரிவில் மொத்தம் ஆறே அணிகள். பீட்டர்பரோ அறிவித்த பட்டியலைப் பார்த்து ஊரெங்கும் கேலி. ஸ்காட் நிக்கல்ஸ், பியார்னே பெடர்சன் இருவரும் 1978இல் பிறந்தவர்கள். ஹான்ஸ் ஆண்டர்சன், உல்ரிக் ஓஸ்டர்கோர் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள். கிறிஸ் ஹாரிஸுக்கு 38 வயது. மைக்கேல் பாம் டாஃப்ட் மட்டும் முப்பதை ஒட்டியவர். இளம் பிரிட்டிஷ் வீரர் ஒருவரை அணியில் வைத்திருக்க வேண்டும் என்று அந்த ஆண்டு வந்த விதிப்படி ஜோர்டன் பாலின் என்ற பையன். இந்த முதியோர் அணி கடைசி இடத்துக்குத்தான் போகும் என்பதே பலரின் கணிப்பு.

இவர்கள் சாதாரண ஆட்களா? நிக்கல்ஸ் ஏழு முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஹாரிஸ் 2007இல் கார்டிஃப் நகரில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில், கடைசிச் சுற்றில் கிரெக் ஹேன்காக்கை முந்தி வென்றவர். ஆண்டர்சனும் பெடர்சனும் டென்மார்க் அணியில் 2006, 2008 உலகக் கோப்பைகளை வென்றவர்கள். உச்சத்தைத் தாண்டிவிட்டார்கள் என்பது உண்மை. உச்சத்தைத் தாண்டியதால்தான் அவர்களின் சராசரி இறங்கியிருந்தது. சராசரி இறங்கியிருந்ததால்தான் இத்தனை பேரையும் ஒரே அணியில் அடக்க முடிந்தது. அணியைக் கட்டியவர்கள் வயதைப் பார்க்கவில்லை, விதியைச் சரியாகப் படித்தார்கள் என்பது என் கணிப்பு. தாளில் இறங்கியிருந்த எண்ணுக்கும் களத்தில் மிச்சமிருந்த திறமைக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் அந்த ஆண்டுக் கோப்பை ஒளிந்திருந்தது.

அனுபவம் எங்கே தெரியும் என்று கேட்டால் இரண்டு இடங்களைக் காட்டுவேன். ஒன்று, தொடக்கம். தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டியிருக்கும் நாடாவுக்கு முன்னால் வந்து நிற்பதற்குள் ஒரு பெரிய வேலை நடக்கும். அந்த நாடா மேலே ஏறினால்தான் ஓட்டம் தொடங்கும். முந்தைய ஓட்டத்தில் சக்கரம் தோண்டிய பள்ளத்தைக் காலால் மிதித்து நிரப்புவார்கள். பிடிப்பு எங்கே இருக்கிறது என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பார்கள். அரை அடி இடம் மாறி நிற்பார்கள். இரண்டு நிமிடக் கெடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இளைஞர்கள் பதறுவார்கள். நிக்கல்ஸ் போன்றவர்கள் கடைசி நொடி வரை மண்ணோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நாடா மேலே ஏறியதும் முதல் வளைவுக்கு முன்னால் யார் மூக்கை நீட்டினாரோ அவருக்குப் பாதி ஓட்டம் முடிந்த மாதிரிதான். அவசரப்பட்டு நாடாவைத் தொட்டால் தண்டனை.

இரண்டாவது இடம், கூட்டாக ஓட்டுவது. இதை நேரில் பார்க்காமல் புரிந்துகொள்வது கடினம், சொல்லிப் பார்க்கிறேன். நம் அணி வீரர் முதலிடத்தில் தனியாகப் போகிறார். கூட்டாளி மூன்றாவதாக, ஓர் எதிரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கிறார். முன்னவர் வளைவுக்குள் நுழையும்போது தோளுக்கு மேல் ஒரு பார்வை பார்ப்பார். பிறகு சற்றே வேகத்தைத் தளர்த்தி, வெளிப்பக்கப் பாதையை அடைத்துக்கொண்டு ஓட்டுவார். பின்னால் வரும் எதிரிக்கு வெளியே போக வழியில்லை. வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அந்த ஒரு கணத்தில் கூட்டாளி உள்வரிசையில் புகுந்து வந்துவிடுவார். அதன் பிறகு இருவரும் அருகருகே, கைப்பிடிக்குக் கைப்பிடி, ஒருவர் உள்ளே ஒருவர் வெளியே என்று சுவர் போலக் கடைசிக் கோடு வரை போவார்கள். 5-1. முன்னால் போகிறவர் தன் வெற்றியையே பணயம் வைத்துத்தான் இதைச் செய்கிறார். இந்த வீரர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். வண்டி, இயந்திரம், மெக்கானிக், வேன் எல்லாம் சொந்தச் செலவு, வருமானம் பெரும்பாலும் எடுக்கும் புள்ளியைப் பொறுத்தது என்பதையும் சேர்த்து யோசித்தால்தான் அந்தத் தோள்பார்வையின் மதிப்பு தெரியும். 2021இல் பாந்தர்ஸ் ஆடியதில் நான் திரும்பத் திரும்ப ரசித்தது இதைத்தான்.

சீசனின் நடுப்பகுதி எப்படிப் போகும் என்றால், பெரும்பாலும் வானத்தைப் பார்த்துக்கொண்டு. மழை பெய்தால் பாதை சேறாகிவிடும், ஆட்டம் ரத்து. வெயில் அடித்தால் புழுதி, தண்ணீர் வண்டி சுற்றிச் சுற்றி வரும். சில ஓட்டங்களுக்கு ஒரு முறை டிராக்டர் இறங்கிப் பாதையைச் சீராக்கும். காயங்கள் வரும்; காறை எலும்பு முறிவெல்லாம் இங்கே சகஜம். காயம்பட்டவருக்குப் பதில் அவருடைய சராசரியைத் தாண்டாத வேறோர் அணி வீரரை ஒரு நாளுக்கு மட்டும் இரவல் வாங்கும் வழக்கமும் உண்டு. போன வாரம் நாம் ஏசிய எதிரணி ஆள் இந்த வாரம் நம் சட்டையில் வருவார். புதியவர்களுக்கு இது அபத்தமாகப் படும். எனக்கும் இந்த இரவல் முறை பிடிப்பதில்லை. ஒரு லீக்கின் மதிப்பைக் குறைக்கிறது என்றே நினைக்கிறேன். அதே வீரர்கள் இடைப்பட்ட நாட்களில் போலந்திலும் சுவீடனிலும் டென்மார்க்கிலும் வேறு அணிகளுக்காக ஓடிவிட்டு வருகிறார்கள் என்பதால் நாட்காட்டியில் மாற்று நாள் தேடுவது பெரும்பாடு.

அக்டோபரில் இறுதிப் போட்டி. எதிரே மான்செஸ்டரின் பெல் வியூ ஏசஸ். அந்த அணியில் டான் பியூலி, பிரேடி கர்ட்ஸ் போன்ற இளைஞர்கள். கர்ட்ஸ் 2025இல் உலகப் பட்டத்தை ஒரே ஒரு புள்ளியில் போலந்தின் பார்டோஷ் ஸ்மார்ஸ்லிக்கிடம் இழந்தவர் என்றால் எப்படிப்பட்ட எதிரி என்று தெரியும். இறுதி இரண்டு கட்டம்: ஒன்று அங்கே, ஒன்று இங்கே, இரண்டின் புள்ளிகளையும் கூட்டுவார்கள். கடைசி இடத்துக்கு ஒதுக்கப்பட்டிருந்த அணி கோப்பையைத் தூக்கியது. 1999, 2006க்குப் பிறகு பாந்தர்ஸுக்கு மூன்றாவது மேல்மட்டப் பட்டம். அன்று வயதான ரசிகர்கள் பலர் அழுததைப் பார்த்தேன். என் போலந்து நண்பர், லெஷ்னோவின் நான்கு பட்டங்களைக் கண்டவர், "எங்கள் ஊரில் வெல்வதற்காகவே அணி கட்டுகிறோம், இது வேறு மாதிரி" என்று சொல்லிக்கொண்டே கை தட்டினார்.

அடுத்த ஆண்டுகளில் பாந்தர்ஸ் அந்த உயரத்தை எட்டவில்லை. மைதான நிலத்தில் வீடுகள் கட்டும் திட்டம் வந்ததால் 2023 சீசனோடு அங்கே பந்தயம் நின்றுபோனது. அதே ஆண்டில் வுல்வர்ஹாம்ப்டனின் மான்மோர் கிரீனிலும் ஸ்பீட்வே முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே கவன்ட்ரி அணி பிராண்டன் மைதானத்தை இழந்திருந்தது. பிரிட்டனில் இந்த விளையாட்டு மெலிந்துகொண்டே போவதற்கு ரசிகர் குறைவை மட்டும் காரணம் சொல்வது சரியல்ல. பெரும்பாலான கிளப்புகளுக்குச் சொந்த நிலம் இல்லை என்பதே பெரிய காரணம் என்பேன்.

பார்க்க ஆசை வந்திருந்தால் ஒரே ஓட்டத்தின் காணொளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இங்கிலாந்து போகும் வாய்ப்பு இருந்தால் மான்செஸ்டரில் 2016இல் திறந்த தேசிய ஸ்பீட்வே மைதானத்துக்குப் போங்கள். போலந்து என்றால் டோருனின் மோட்டோஅரீனா. நிகழ்ச்சித் தாளை வாங்கி, 15 ஓட்டங்களுக்கும் உங்கள் கையால் புள்ளி எழுதுங்கள். முதல் நான்கு ஓட்டங்களுக்கு முன்னால் போகிறவரையே உங்கள் கண் துரத்தும். பத்தாவது ஓட்டத்துக்கு மேல் மூன்றாம் இடத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். அடுத்த வாரமும் டிக்கெட் எடுப்பீர்கள்.