வார நாட்களில் வீட்டிலிருந்தபடி ஒரே சமயத்தில் பல ஒட்டுத்துணிப் போர்வைகளைத் தைப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஐந்து குயில்ட் தொடங்கி ஐந்தும் பாதியில் கிடக்கின்றன, திங்களுக்கு ஒன்று செவ்வாய்க்கு ஒன்று என்று பிரித்துப் பார்த்தும் சரிவரவில்லை, ஒன்றை முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. ஆனால் போர்வைக்கு ஒரு நாள் என்று பிரித்ததில்தான் சிக்கல் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை வருகிறது, செவ்வாய்ப் போர்வைக்கு வெட்டு வேலை இருக்கிறது, வெளியே மூடுபனி, மேசையில் பிள்ளைகளின் புத்தகம். அன்றைய வேலை நடக்காது. அடுத்த செவ்வாய் வரும்போது எங்கே விட்டோம் என்பதே மறந்திருக்கும். நாளைப் பிரிக்காமல் வேலையின் வகையைப் பிரித்துப் பாருங்கள்.

நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வீட்டிலேயே சாரி பிளவுஸ், பிள்ளைகளின் யூனிஃபோம் தைத்துக் கொடுக்கிறேன். போர்வை வேலை அதற்கு நடுவில்தான். லயத்து வீடு, அதாவது தோட்டத்து வரிசை வீடு: முன்னால் இஸ்தோப்பு (திண்ணை), ஒரு காம்பரா (அறை), பின்னால் குசினி (சமையலறை). மெஷின் இஸ்தோப்பில் நிற்கிறது. துணி வெட்டுவது சாப்பாட்டு மேசையில். உங்கள் வீட்டிலும் இடம் குறைவு என்று எழுதியிருப்பதால் என் முறை உங்களுக்கு ஒத்துவரும் என்று நினைக்கிறேன்.

இப்போது என் கையில் நான்கு போர்வைகள். ஹட்டனில் ஓர் அக்கா தன் பேரப்பிள்ளைக்குக் கேட்ட தொட்டில் போர்வை, 36 அங்குலத்துக்கு 45. மாதம் முடிவதற்குள் கொடுக்க வேண்டும். யூனிஃபோம் தைத்து மிஞ்சிய வெள்ளைத் துண்டுகளோடு கலர்த் துண்டுகளைச் சேர்த்து ஒற்றைக் கட்டிலுக்கு ஒன்று. கரை நைந்துபோன பழைய போர்வை ஒன்று, புதுக்கரை வைக்க வந்தது. நான்காவது, அம்மாவின் சேலைகளில் தைப்பது.

தொட்டில் போர்வையில் மேல்துணி, உள்ளடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோடுகிறேன். வெள்ளைப் போர்வை துண்டு இணைக்கும் நிலையில் இருக்கிறது. பழையதற்குக் கரைப் பட்டி வெட்ட வேண்டும். அம்மாவுடையது முழுக்கக் கைவேலை. நான்கும் நான்கு நிலையில் இருப்பது தற்செயல் இல்லை. ஒரே நிலையில் இரண்டு போர்வை நிற்க நான் விடுவதில்லை. இரண்டும் வெட்டும் நிலையில் இருந்தால் மேசைக்குப் போட்டி, இரண்டும் இணைக்கும் நிலையில் இருந்தால் மெஷினுக்குப் போட்டி. வெவ்வேறு நிலையில் இருந்தால் ஒன்று மற்றதின் நேரத்தைப் பிடுங்காது. வெளிச்சம் இருக்கும்போது ஒன்று, மெஷினில் உட்காரும்போது ஒன்று, ராத்திரி பிள்ளைகள் பாடம் படிக்கும்போது மடியில் ஒன்று.

இதை நான் கற்றுக்கொண்டது 2022இல். அந்த வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். என்னுடையது காலால் மிதிக்கும் பழைய சிங்கர் மெஷின், அதற்குக் கரண்ட் தேவையில்லை. ஆகவே மற்றவர்கள் நின்றாலும் நான் தைக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் என் வேலையும் நின்றது. காரணம் அயன் பெட்டி, அதற்குக் கரண்ட் வேண்டும். ஒட்டுத்துணி வேலையில் ஒரு தையலை அழுத்திப் படிய வைத்த பிறகுதான் அதற்குக் குறுக்கே அடுத்த தையல் வரும். நாலு துண்டு இணைப்பேன், அயன் பண்ண வழி இருக்காது, எடுத்து வைத்துவிடுவேன். அதுவரை மெஷின்தான் என் வேலையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது என்று நம்பியிருந்தேன். அயன்தான் தீர்மானித்திருக்கிறது.

அதன் பிறகு சேர்த்துத் தைக்கப் பழகினேன். என் வெள்ளைப் போர்வை ஒன்பது துண்டுக் கட்டம். மூன்றரை அங்குலச் சதுரங்கள், தைத்த பின் மூன்று அங்குலம் நிற்கும், ஆக ஒரு கட்டம் ஒன்பது அங்குலம். அகலத்துக்கு 6, நீளத்துக்கு 9 என்று 54 கட்டங்கள், மொத்தம் 486 சதுரங்கள். இதைக் கட்டம் கட்டமாக முடித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நாலைந்து முறை அயனுக்கு எழும்ப வேண்டும். நான் முதலில் இரண்டிரண்டாகச் சோடி சேர்ப்பது மட்டும் செய்வேன். 162 சோடி. ஒரு சோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த சோடியை ஊசிக்குக் கீழே தள்ளுவேன். மெஷினுக்குப் பின்னால் அவை தோரணம் மாதிரித் தொங்கிக்கொண்டு போகும். அரை மணி நேரத்தில் நாற்பது சோடி ஓடும். அறுப்பதும் அயன் பண்ணுவதும் வேறொரு நாள் மொத்தமாக. இப்போது கரண்ட் ஒழுங்காக இருந்தாலும் புதனும் சனியும் மட்டும்தான் எனக்கு அயன். நாலு போர்வைக்குரியதும் அன்றைக்கே நடக்கும்.

ஒரே வகை வேலையை ஒன்றாகச் செய்வதில் நேரத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று இருக்கிறது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்குப் போதாது. ஒட்டுத்துணித் தையலுக்கு ஓரத்தில் கால் அங்குலம் விடுகிறோம். பிளவுஸ் தைத்துவிட்டு, அதே கையோடு போர்வைத் துண்டு இரண்டை எடுத்தால் கை பிளவுஸின் கணக்கிலேயே ஓடும். ஒவ்வொரு துண்டிலும் பதினாறில் ஒரு பங்கு அங்குலம், பழைய கணக்கில் ஒரு வீசம், கூடுதலாக உள்ளே போகிறது என்று வையுங்கள். ஓர் இணைப்பில் இரண்டு துண்டு, ஆக அரைக்கால் அங்குலம். என் போர்வையின் அகலத்தில் 18 சதுரங்கள், 17 இணைப்புகள். கடைசியில் இரண்டு அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விடும். ஒரு வரிசை சரியாகவும் அடுத்த வரிசை இரண்டு அங்குலம் குறைவாகவும் நின்றால் மூலைகள் ஒன்றோடொன்று சேரவே சேராது. பலருடைய போர்வை பாதியில் நிற்பது சோம்பலால் அல்ல, இப்படிச் சேராமல் போவதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மெஷின் தட்டில் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் பிளாஸ்டர் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். மெஷினில் போர்வைத் துண்டு இணைக்கும் நாளில் பிளவுஸைத் தொடாதீர்கள்.

வெளிச்சத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் மேயிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. சில நாள் பிற்பகல் இரண்டு மணிக்கே எதிர்மலை தெரியாது. பல்ப் வெளிச்சத்தில் கருநீலத்தையும் ஊதாவையும் பிரித்தறிவது கஷ்டம். அதனால் கலர் பொருத்துவதும் வெட்டுவதும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு காலையில் மட்டும். துணிகளை நனைத்துக் காயவைப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. புதுப் பருத்தித் துணி முதல் தண்ணீரில் சுருங்கும், சிவப்பும் கருநீலமும் சாயம் விடும். நனைக்காமல் தைத்தால் முதல் சலவையிலேயே போர்வை இழுத்துக்கொள்ளும். நீங்கள் பதுளை, பண்டாரவளைப் பக்கம் என்றால் கணக்கு மாறும். உங்களுக்கு மழை வருடக் கடைசியில், நடு வருடத்தில் காய்ந்த காற்று.

கெடு உள்ள வேலைக்கு மட்டும் தனிச் சலுகை. தொட்டில் போர்வை தினமும் முதல் அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும், மற்றவை அதற்குப் பிறகுதான்.

அம்மாவின் போர்வைக்குக் கெடு இல்லை. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். வேலைக்குக் கட்டிய நூல் சேலைகள் ஆறு இருந்தன. விரித்துப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் படங்கு என்ற முரட்டுத் துணியைக் கட்டுவார்கள் இல்லையா, படங்குக்குள் மறைந்திருந்த பகுதி கடையில் வாங்கியபோது இருந்த பச்சையாகவே இருந்தது. வெயில் பட்ட பகுதி வெளிறி, சாம்பலில் போட்டெடுத்த மாதிரி. படங்கின் கயிறு உராய்ந்த இடத்தில் துணி மெலிந்து வெளிச்சம் தெரிந்தது. கொழுந்துக் கறை முந்தானையில் கறுத்துக் கிடந்தது. நல்ல பச்சையை மட்டும் வெட்டி எடுப்போம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு கிராமம் இருக்கிறது. பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த பெண்கள் உழைத்து நைந்த உடுப்புகளில் தைத்த போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகம் வரை போயின. அவர்களில் மிசூரி பெட்வே என்பவர் 1942இல், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கொண்டு ஒரு போர்வை தைத்தார். அதன் படத்தைப் பார்த்தேன். வெளிறிய இடங்களையும் கறைகளையும் அவர் ஒதுக்கவே இல்லை. அதற்குப் பிறகு கத்தரிக்கோலை வேறு மாதிரிப் பிடித்தேன். பச்சைக்குப் பக்கத்தில் வெளிறியதை வைத்தேன், கறையுள்ள முந்தானையை நடுவில் வைத்தேன். மெலிந்த இடத்துக்கு மட்டும் பின்னால் ஒரு துண்டு கொடுத்தேன்.

உள்ளடுக்காக அம்மா மழைக்குப் போர்த்திய கறுப்புக் கம்பளி. பச்சைத் தண்ணீரில் மட்டும் அலசி நிழலில் காயவைத்தேன், சுடுநீர் பட்டால் கம்பளி சுருங்கிக் கெட்டியாகிவிடும். தடிப்பான கம்பளி, ஊசியில் ஒரு தடவைக்கு இரண்டு தையலுக்கு மேல் ஏறாது. இரவு எட்டிலிருந்து ஒன்பது வரை ஒரு வரிகூட முழுதாக முடியாது. அந்த வேலையை வேகப்படுத்த எனக்கு விருப்பமும் இல்லை. பல போர்வைகளை ஒன்றாக வைத்திருப்பதற்கு எனக்கு முக்கியமான காரணமே இதுதான். கெடு உள்ளவை வேறு நேரத்தில் நகர்ந்துகொண்டிருப்பதால் இது அவசரமில்லாமல் என் மடியில் இருக்கலாம்.

எடுத்துவைக்கும் போர்வையைப் பற்றி ஒரு கெட்ட அனுபவம் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு வெள்ளைப் போர்வையின் மூன்று அடுக்கையும் எழுபது பின்னால் குத்தி, மடித்து அலுமாரியில் வைத்தேன். வேறு வேலை வந்து மூன்று வாரம் திறக்கவில்லை. ஜூலை மாதம், மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும் காலம். திறந்தபோது ஒவ்வொரு பின்னைச் சுற்றியும் துருப்பிடித்த மஞ்சள் வட்டம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தடவி வெயிலில் போட்டால் துருக்கறை போகும், ஆனால் ஜூலையில் வெயிலுக்கு எங்கே போவது. கிடைத்த இரண்டு நாள் வெயிலில் பாதி போனது. போகாத இடங்களின் மேல் சின்னச் சின்ன இலை வடிவத்தில் துணி வைத்துத் தைத்தேன். அன்றிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் நிற்கப்போகும் எதிலும் பின் வைப்பதில்லை. நூலால் நீள நீள இழையாகத் தற்காலிகமாக ஓட்டிவிடுவேன்.

போர்வைக்கு ஒரு தலையணை உறை, அதற்குள் அதன் துண்டு, நூல், எல்லாம். பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சணம் பிடிக்கும். உறைக்குள் ஒரு காகிதத் துண்டும் போடுவேன், நேற்று என்ன செய்தேன் என்று எழுதாமல், அடுத்து என்ன என்று மட்டும் எழுதி. இப்போது வெள்ளைப் போர்வையின் உறைக்குள் கிடப்பது: “சோடி 118 ஆயிற்று. மூன்றாவது துண்டு சேர்க்கும்போது வெள்ளை இடப்பக்கம்.” நிறுத்தும்போது கஷ்டமான இடத்தில் நிறுத்தமாட்டேன். அடுத்த இரண்டு சோடியைப் பொருத்தி, ஊசியில் நூல் கோர்த்து வைத்துவிட்டுத்தான் எழும்புவேன். பத்து நிமிடம் கிடைத்தால்கூட உட்கார்ந்து தைக்கலாம்.

உங்கள் ஐந்தையும் கட்டிலில் விரித்து எது எந்த நிலை என்று பாருங்கள். ஒரே நிலையில் இரண்டு இருந்தால் ஒன்று உறைக்குள் போகட்டும். போவதற்கு முன் பின்களை எல்லாம் கழற்றி எண்ணிப் பாருங்கள், ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஆசை விட்டுப்போன போர்வை இருந்தால் அளவைக் குறையுங்கள். கட்டிலுக்கு என்று தொடங்கியது தொட்டில் அளவில் முடிந்தாலும் முழுப் போர்வைதான். என்னிடம் அப்படி முடிந்தவை இரண்டு இருக்கின்றன, இரண்டின் மேலும் பிள்ளைகள் தூங்கி வளர்ந்தார்கள்.

அம்மாவின் போர்வை நடுவிலிருந்து வெளியே ஒன்பதாவது வரியில் நிற்கிறது. இன்றைக்கு வியாழன், அயன் இல்லாத நாள். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்ததும் நான் அதை எடுப்பேன்.