முறிமருந்து கொடுக்கவில்லை என்று வழக்குப் போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 71. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் 3 வருடமாக ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்சபான் மாத்திரை காலையும் இரவும் சாப்பிட்டு வந்தார். சம்பவத்தன்று நான் இரவு 10 மணிக்குத்தான் வீட்டுக்கு வந்தேன், அதுவரை தம்பிதான் கூட இருந்தான். 10.15-க்குத் தலை வெடிப்பது போல வலிக்கிறது என்றார், வாந்தி எடுத்தார், பேச்சு குழறியது. 11 மணிக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்து, மாத்திரை அட்டையை ட்யூட்டி டாக்டரின் கையிலேயே கொடுத்தேன். அன்று இரவும் 9 மணிக்கு மாத்திரை போட்டிருந்தார் என்று சொன்னேன். 11.30-க்கு ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். ஆனால் ரத்தத்தை உறைய வைக்கும் பிசிசி ஊசியை அதிகாலை 4.30-க்குத்தான் போட்டார்கள். எது கேட்டாலும் எரிந்து விழுந்தார்கள். பெரிய டாக்டர் காலையில்தான் வந்தார். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டார். பாக்கியைக் கட்டினால்தான் உடலைத் தருவோம் என்றார்கள். இந்த மாத்திரைக்கென்றே ஆண்டெக்சனெட் என்ற முறிமருந்து இருப்பதைப் பிறகுதான் படித்தேன். அதைக் கொடுக்காமல் கொன்றுவிட்டார்கள். இப்போது ஆஸ்பத்திரி தரப்பில் ஒரு தொகை தருகிறோம், பேசி முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அம்மாவின் உயிருக்கு விலை பேசுவதா என்று தம்பி கொதிக்கிறான். வழக்குப் போட்டால் ஜெயிப்போமா?

பதில்: முறிமருந்து கொடுக்கவில்லை என்று வழக்குப் போட்டால் தோற்பீர்கள். தாமதம் என்று போட்டால் வழக்கு நிற்க வாய்ப்பு உண்டு, அதுவும் ஒரு விஷயம் தெளிவாக இருந்தால் மட்டும்.

எரிந்து விழுந்தது, பெரிய டாக்டர் காலையில் வந்தது இரண்டும் உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று புரிகிறது. சிகிச்சை அலட்சிய வழக்கில் அவற்றுக்கு எடை கிடையாது. உடலைப் பிடித்து வைத்தது தனிப் புகார், அதைத் தனியாகக் கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டினால், நீதிபதி படிக்க வேண்டிய ஒரு பக்கம் பத்தாவது பக்கத்தில் போய் ஒளிந்துகொள்ளும். 'கொன்றுவிட்டார்கள்' என்று போலீஸுக்கும் ஓட வேண்டாம். குற்ற வழக்குக்கு மிகக் கடுமையான அலட்சியம் வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் எழுதியதில் அந்த அளவுக்கு எதுவும் இல்லை.

சட்டம் கேட்கப்போவது இதைத்தான்: 11.30-க்கு ஸ்கேனைப் பார்த்ததும் மருந்து ஏற்றியிருந்தால் அம்மா பிழைத்திருப்பாரா? பிழைத்திருக்கலாம் என்பது போதாது. பிழைத்திருப்பதற்கே கூடுதல் சாத்தியம் என்று காட்ட வேண்டும்.

இதற்கு உங்கள் விஷயத்தோடு ஒட்டிய பழைய தீர்ப்பு ஒன்று உண்டு. 1960-களில் இங்கிலாந்தில் நடந்த பார்னெட் வழக்கு. இரவுக் காவலர்கள் மூன்று பேர் தேநீர் குடித்துவிட்டு வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ட்யூட்டி டாக்டர் நேரில் வந்து பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போய் அவரவர் டாக்டரைப் பார்க்கட்டும் என்று போனில் நர்ஸிடம் சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் ஒருவர் இறந்தார். தேநீரில் ஆர்செனிக் கலந்திருந்தது. டாக்டர் கடமை தவறினார் என்று நீதிபதியே தீர்ப்பில் சொன்னார். ஆனாலும் இறந்தவரின் மனைவி தோற்றார். உடனே பார்த்திருந்தாலும், என்ன விஷம் என்று கண்டுபிடித்து முறிமருந்து கொடுப்பதற்குள் அவர் இறந்திருப்பார் என்று சாட்சியம் வந்ததுதான் காரணம். தவறு இருந்தது. அந்தத் தவறுதான் சாவுக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. உங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்பு இந்த வழியாகத்தான் வரும்.

'பிழைக்கும் வாய்ப்பையாவது பறித்தார்களே' என்று கேட்பீர்கள். 2005-ல் கிரெக் என்பவரின் வழக்கில் புற்றுநோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானதால் குணமாகும் வாய்ப்பு 42 சதவீதத்திலிருந்து 25-ஆகக் குறைந்தது. ஆரம்பத்திலேயே வாய்ப்பு பாதிக்குக் கீழேதான் இருந்தது என்று, அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை நஷ்ட ஈட்டை மறுத்தது. நாட்டுக்கு நாடு இதில் பார்வை மாறும். ஆனால் இதை மட்டும் நம்பி வழக்கில் இறங்காதீர்கள்.

இனி ஆண்டெக்சனெட். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் அதற்கு அனுமதி தந்தது உண்மை. நீங்கள் படித்தது அதுவரைதான் என்று நினைக்கிறேன். மூளைக்குள் கசிவு வந்தவர்களை வைத்தே செய்த அனெக்ஸா-ஐ என்ற ஆய்வு 2024-ல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆண்டெக்சனெட், மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை. அந்த வழக்கமான சிகிச்சை பெரும்பாலானவர்களுக்கு உங்கள் அம்மாவுக்குப் போட்ட அதே பிசிசி. கசிவு கட்டுப்பட்டது ஆண்டெக்சனெட் பிரிவில் 67 சதவீதம், மறுபிரிவில் 53. இதுவரை உங்களுக்குச் சாதகம். ஆனால் ரத்தக் கட்டி அடைப்புகள் 10.3 சதவீதம், மறுபிரிவில் 5.6. அடைப்பால் வரும் பக்கவாதம் 6.5, மறுபிரிவில் 1.5. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. நீங்கள் வழக்குப் போடுவது ஒரு மரணத்துக்காக. இந்தக் கடைசி வரியை எதிர்த்தரப்பு நிபுணர் கூண்டில் நின்று வாசித்தால் உங்கள் மனு அங்கேயே முடிந்தது. போதாததற்கு, பொறுப்புள்ள டாக்டர்கள் ஒரு பகுதியினர் ஏற்கும் சிகிச்சையைத் தந்தால் அலட்சியம் இல்லை என்ற 1957-ன் போலம் விதி இருக்கிறது. ஆண்டெக்சனெட் இல்லாத இடத்தில் பிசிசி போடுவது அப்படி ஏற்கப்பட்ட வழிதான்.

அம்மா சாப்பிட்டது இதே வேலை செய்யும் இன்னொரு மாத்திரையான டாபிகாட்ரானாக இருந்திருந்தால் என் பதில் வேறு. அதற்கு இடருசிசுமாப் என்ற முறிமருந்து 2015-லிருந்து இருக்கிறது, டாபிகாட்ரானை மட்டும் தேடிப் பிடித்துக் கட்டிப்போடும். வார்ஃபரின் என்றால் பிசிசியும் வைட்டமின் கே ஊசியும் சேர்த்துப் போடுவது நிலைத்துவிட்ட முறை, வைட்டமின் கே வேலை செய்யப் பல மணி நேரம் ஆகும் என்பதால்தான் பிசிசி கூடவே போகிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இந்த வகையிலேயே சேராதவை. 'பிளட் தின்னர்' என்று பொத்தாம்பொதுவாக எழுதிய மனுக்களை நிறையப் பார்த்துவிட்டேன். பக்கத்து வீட்டில் யாரோ ஜெயித்தார்கள் என்றால், அவர்கள் எந்த மாத்திரை சாப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஆக, கையில் மிஞ்சுவது 11.30-லிருந்து 4.30 வரை. அந்த ஐந்து மணி நேரம் கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது? ரத்தம் உறையும் வேகத்தை அளக்கும் ஐஎன்ஆர் பரிசோதனை பார்த்து 'நார்மல்' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தார்கள் என்றால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஐஎன்ஆர் வார்ஃபரினுக்கான அளவுகோல். அபிக்சபான் உடம்பில் நன்றாக இருக்கும்போதே ஐஎன்ஆர் சாதாரணமாகக் காட்டும். அதை நம்பி உட்கார்ந்திருந்ததை எந்த நிபுணரும் லேசில் நியாயப்படுத்த முடியாது. மருந்து கையிருப்பில் இல்லை என்று எழுதியிருந்தால், அதை எத்தனை மணிக்குக் கண்டுபிடித்தார்கள், ஏன் வேறு இடத்துக்கு அனுப்பவில்லை என்பது கேள்வி.

அடுத்து, இரண்டு ஸ்கேன் படங்கள். 11.30-க்கு எடுத்ததையும், காலையில் மறுபடி எடுத்திருந்தால் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு நரம்பியல் நிபுணரிடம் காட்டுங்கள். இடைப்பட்ட நேரத்தில் மூளைக்குள் கசிந்து தேங்கிய ரத்தம் பெரிதாகியிருந்தால் தாமதத்துக்கும் மரணத்துக்கும் நடுவே பாலம் கிடைக்கும். முதல் படத்திலேயே பெரிதாக இருந்து, இரண்டாவதிலும் அதே அளவு என்றால் பார்னெட்டின் மனைவி நின்ற இடத்தில்தான் நீங்களும் நிற்பீர்கள். ரிப்போர்ட் காகிதம் போதாது, படமே வேண்டும்.

இப்போது நான் உண்மையில் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். இரவு 9 மணிக்கு மாத்திரை போட்டிருந்தார் என்று ட்யூட்டி டாக்டரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்ததே 10 மணிக்கு. உங்களுக்கு எப்படித் தெரியும்?

இது அற்பமான கேள்வி இல்லை. அபிக்சபான் விழுங்கிய 3, 4 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும். அப்புறம் ஏறக்குறைய 12 மணி நேரத்தில் பாதியாகும். 9 மணிக்குப் போட்டிருந்தால் ஸ்கேன் எடுத்த நேரத்தில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது, ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், தாமதத்துக்கு மன்னிப்பே கிடையாது. இரவு மாத்திரையைப் போடாமல் படுத்துவிட்டார், கடைசி டோஸ் காலை 8 மணிக்கு என்றால், ஸ்கேன் நேரத்தில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஓடிவிட்டது. மருந்து பாதிக்கு மேல் போய்விட்டது, இது தானாக வந்த கசிவு, பிசிசி சீக்கிரம் போட்டிருந்தாலும் பெரிய பயன் இருந்திருக்காது என்று வாதிடுவார்கள். அனெக்ஸா-ஐ ஆய்வே கடைசி டோஸ் 15 மணி நேரத்துக்குள் இருந்தவர்களைத்தான் சேர்த்துக்கொண்டது என்பதையும் எடுத்துப் போடுவார்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் மருந்து இன்னும் தங்கும் என்று நாம் பதில் சொல்லலாம், அதற்கு அம்மாவின் கிரியாட்டினின் ரிப்போர்ட் வேண்டும். ஆனால் தொடங்கும் இடம் அந்த ஒரு மாத்திரைதான்.

கட்சிக்காரர்கள் விழும் குழி இங்கேதான். நான் பார்த்த ஒரு வழக்கில், அப்பாவை இழந்த குடும்பம் நோட்டீஸிலும் பிரமாண வாக்குமூலத்திலும் 'இரவு 8 மணிக்கு மாத்திரை சாப்பிட்டார்' என்று அடித்துச் சொன்னது. அப்படி எழுதினால் வழக்கு பலமாகும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு படத்தைக் காட்டினார். அன்றிரவு, அப்பா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டருக்குக் காட்டுவதற்காக மகளே போனில் எடுத்து அனுப்பிய மாத்திரைப் பெட்டியின் படம். ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று தனித்தனிக் கட்டம் வைத்த பெட்டி. அன்றைய கிழமையின் இரவுக் கட்டத்தில் மாத்திரை அப்படியே கிடந்தது. மகள் பொய் சொல்லவில்லை. அப்பா சாப்பிட்டிருப்பார் என்று மனதார நம்பினார், அந்த நம்பிக்கையை நேரில் பார்த்தது போல எழுதிவிட்டார். அந்த நிமிடத்துக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. உண்மையாகவே நடந்த தாமதத்தைக்கூட நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்த்தது. நல்ல வழக்கு அது. வீணாகப் போனது.

அதனால் தம்பியிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள். 'அம்மா மாத்திரை போட்டதை நீ கண்ணால் பார்த்தாயா?' என்று மட்டும் கேளுங்கள், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். தலைவலி 10.15-க்குத்தான் தொடங்கியதா, அதற்கு முன்பே சொன்னாரா என்றும் கேளுங்கள். அவன் பார்க்கவில்லை என்றால் 'தெரியாது' என்பதே உங்கள் நிலை. தெரியாது என்று சொன்ன குடும்பத்தை நீதிமன்றம் தண்டிப்பதில்லை. கடைசி டோஸ் எப்போது என்று தெரியாவிட்டால், சமீபத்தில் போட்டதாகவே வைத்துக்கொண்டு டாக்டர் முடிவெடுத்திருக்க வேண்டும் என்று நிபுணர் சொல்ல வழி இருக்கிறது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொன்னால் அந்த வழியும் அடைபடும். வீட்டு வாட்ஸப் குழுவில் அன்றிரவு போன செய்திகளை அழிக்காதீர்கள், அழித்தது தெரிந்தால் இன்னும் மோசம். மாத்திரை அட்டை திரும்பக் கிடைத்ததா? மருந்துக்கடை ரசீதின் தேதியை வைத்து, எத்தனை மாத்திரை மிச்சம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். உங்களுக்குப் பாதகமாக வந்தாலும் அது இப்போதே தெரிவது நல்லது.

சரி, சமரசம். என் அபிப்பிராயம்: பேசுங்கள். அவர்கள் தாமாகவே முன்வருவதற்கு அந்த ஐந்து மணி நேரம்தான் காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு. இன்று உங்கள் கையில் இருக்கும் பிடி அது. வழக்கு தொடங்கி நிபுணர்கள் அணிவகுத்தபின் பிடி தளரும். உயிருக்கு விலை என்று தம்பி நினைப்பதில் இருக்கும் வலியை மதிக்கிறேன். ஆனால் வருடக்கணக்கில் வழக்கு நடத்தி, 'அலட்சியம் உண்டு, மரணத்துக்குக் காரணம் அதுவல்ல' என்ற தீர்ப்பை வாங்கிக்கொண்டு வந்த பிள்ளைகளின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அம்மாவும் கிடைக்கவில்லை, நியாயமும் கிடைக்கவில்லை.

கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, ஸ்கேன் படம் முழுவதும் கைக்கு வருவதற்கு முன்னால் எந்தக் காகிதத்திலும் கையெழுத்து வேண்டாம். 'முழு இறுதித் தீர்வு' என்ற வரி இருந்தால் அதற்குப் பிறகு எதையும் கேட்க முடியாது. பணத்தோடு இன்னொன்றையும் கேளுங்கள்: ரத்தக்கசிவோடு வருபவருக்கு இந்த மாத்திரைகளின் விளைவை மாற்ற இரவில் யார் முடிவெடுப்பது, எத்தனை நிமிடத்துக்குள், மருந்து எங்கே இருக்கும் என்று எழுத்தில் ஒரு நடைமுறை வைக்க வேண்டும் என்று. எந்தத் தீர்ப்பும் இதை உங்களுக்கு வாங்கித் தராது, சமரசத்தில் கேட்டு வாங்கலாம். உங்கள் தம்பி இதற்கு இறங்கி வரக்கூடும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். அவர்கள் பேச்சுவார்த்தையை இழுத்துக்கொண்டே போனாலும் வழக்குத் தாக்கல் செய்வதற்கான காலக்கெடு தானாக நின்றுவிடாது. அந்தக் கடைசித் தேதியை உங்கள் வக்கீலிடம் இந்த வாரமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதற்கு இரண்டு மாதம் முன்புவரை பேசலாம், அதுவரை முடியாவிட்டால் தாமதத்தை மட்டும் சொல்லி மனுவைத் தாக்கல் செய்துவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.