1920களின் சோவியத் பீங்கான் சிலை அசலா என்று எப்படிப் பார்ப்பது?

முகத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் சிலையைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பெட்ரோகிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) இருந்த ஜார் மன்னரின் பீங்கான் ஆலை 1918இல் அரசுடைமையானது. அதன் புது முத்திரை அரிவாள், சுத்தியல், கூடவே பல்சக்கரத்தின் ஒரு பகுதி. 1925இல் ஆலைக்கு ரஷ்ய அறிவியலாளர் லொமனோசவின் பெயர் வந்தது. பிற்கால முத்திரையில் ல, ஃப, ஸ ஒலிகளுக்கான மூன்று ரஷ்ய எழுத்துகள் இருக்கும். நல்ல வடிவங்களைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வார்த்தார்கள். அதனால் வடிவம் பழையது என்பதற்காகச் சிலையும் பழையது என்று நம்பிவிடாதீர்கள்.

தட்டுகளில் இன்னொரு அழகான தடயம் உண்டு. மன்னர் காலத்தில் மிஞ்சிய வெள்ளைத் தட்டுகளிலேயே புரட்சி ஓவியங்களைத் தீட்டினார்கள். பழைய அரச முத்திரை பளபளப்புப் பூச்சுக்கு அடியில் இருப்பதால் விரலுக்கு வழவழப்பாக இருக்கும். பல தட்டுகளில் அதை வண்ணம் பூசி மறைத்து, பக்கத்தில் புது முத்திரையை மேலே வரைந்தார்கள். நகத்தை மெதுவாக ஓட்டினால் லேசான மேடு தட்டுப்படும்.

சரி, யாரிடமிருந்து தொடங்கலாம்? என் மனதுக்கு அந்த ஆலையின் சிற்பி நத்தாலியா தான்கோ. அவரது 'சிவப்பரும் வெள்ளையரும்' (புரட்சியாளர்களும் அவர்களை எதிர்த்தவர்களும்) சதுரங்கத்தில் வெள்ளை ராஜா கவசம் அணிந்த எலும்புக்கூடு. வெள்ளைச் சிப்பாய்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்ட உழைப்பாளிகள். எதிரே சுத்தியலோடு சிவப்பு ராஜா, அரிவாளோடு உழவர்கள். அந்தச் சங்கிலி எவ்வளவு நுணுக்கம்! முழுத் தொகுப்பு கிடைப்பது அபூர்வம். ஒற்றைக் காய் வாங்கினால் விரல், அரிவாள் நுனி, கழுத்து மூன்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். உடைந்து ஒட்டிய இடத்தில் நிறம் மங்கித் தெரியும்.