மாபோ தோஃபுவும் மேசை நடுவில் ஒரு ஜோடி குச்சியும்

கேள்வி: வெளிநாட்டில் படித்தபோது நண்பரோடு சேர்ந்து சாப்பிட்டதில் எந்தச் சாப்பாடு இன்னும் நினைவில் இருக்கிறது?

மான்செஸ்டரில் முதுகலை படித்தபோது, என்னோடு ஒரே ஃப்ளாட்டில் தங்கியிருந்த, சீனாவின் சிச்சுவான் (நாம் ஷெஸ்வான் என்பது) மாகாணத்துச் செங்டூ நகரத் தோழி சமைத்துப் போட்ட சாப்பாடுதான். அதற்கு முன் எனக்குச் சீன உணவு என்றால் கோபி மஞ்சூரியனும் ஷெஸ்வான் ஃப்ரைட் ரைஸும். மஞ்சூரியன் 1975 வாக்கில் மும்பையில் நெல்சன் வாங் என்ற சமையல்காரர் உருவாக்கியது என்பார்கள். சீனாவில் போய்க் கேட்டால் யாருக்கும் தெரியாது. அவளிடம் அதை விவரித்தபோது, "காலிஃப்ளவரைப் பொரித்துவிட்டு எதற்காகத் திரும்பக் குழம்பில் போடுகிறீர்கள்?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான்.

அன்று மூன்று வகை செய்தாள்: மாபோ தோஃபு (காரக் குழம்பில் போட்ட சோயா பன்னீர்), தக்காளி முட்டை, காய்ந்த மிளகாயும் வினிகரும் போட்டு வதக்கிய முட்டைக்கோஸ். கூடவே வெறும் சோறு. தக்காளி முட்டை, வெளிநாட்டில் இருக்கும் சீன மாணவர்கள் அநேகமாக எல்லாருமே செய்வது. முட்டையைத் தனியாகப் பொரித்து எடுத்து, கரைந்த தக்காளியில் திரும்பச் சேர்ப்பார்கள். கொஞ்சம் சர்க்கரையும் போடுவார்கள். எவ்வளவு போடலாம் என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. எனக்கு அந்த இனிப்பு பிடிக்கவில்லை.

மாபோ தோஃபு அப்படி இல்லை. செங்டூவில் பிறந்த பண்டம் அது. முறைப்படி மாட்டுக்கறிக் கொத்து சேர்க்க வேண்டும். நான் சாப்பிட மாட்டேன் என்பதால் ஷிடாக்கே காளானைப் பொடியாக நறுக்கிப் போட்டாள். அதன் உயிர் தௌபன்ஜியாங் என்ற விழுதில் இருக்கிறது: மிளகாயும் ஒரு வகை அவரையும் உப்போடு மாதக்கணக்கில் ஊறிப் புளித்தது. செங்டூ பக்கத்து பீஷியன் விழுதுக்குத்தான் மதிப்பு அதிகம். எண்ணெயில் அதை வதக்கும்போது எண்ணெயே சிவந்துவிடும். அந்த வாசனைக்கு ஃப்ளாட்டில் இருந்த எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

காரம் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை, ஆந்திரா மெஸ்ஸில் வளர்ந்த நாக்கு. ஆனால் மேலே தூவிய ஹுவாஜியாவ் என்ற சிச்சுவான் மிளகு வேறு கதை. மிளகு மாதிரி இருந்தாலும் அது மிளகுக் குடும்பமே இல்லை, எலுமிச்சைக் குடும்பம். பல் வலிக்குக் கிராம்பு வைத்த மாதிரி உதடு மரத்துப்போய், கூடவே ஒரு துடிப்பு. பிரமை என்றுதான் முதலில் நினைத்தேன். 2013இல் லண்டன் ஆய்வாளர்கள் சிலர் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உதட்டில் உணரும் அந்த அதிர்வு நொடிக்குச் சுமார் 50 முறை. மரத்துப்போனதும் காரம் பின்னால் போய், புளித்த விழுதின் சுவை முன்னால் வருகிறது. நம்மூர் ஷெஸ்வான் சாஸில் பெரும்பாலும் இது இருக்காது. இருப்பது பூண்டும் மிளகாயும்தான்.

சுவையை விட எனக்குப் பெரிதாகப் பட்டது சாப்பிடும் முறை. தனித்தட்டில் பரிமாறுவது இல்லை. எல்லாம் நடுவில், அவரவர் கிண்ணத்தில் சோறு மட்டும். எச்சில் பார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, பொதுக் கிண்ணத்தில் எல்லாரும் குச்சியை விடுவார்களே என்ற தயக்கம் இருந்தது. வெளியே சொல்லவில்லை. ஆனால் மேசையில் பரிமாறுவதற்கென்று தனியாக ஒரு ஜோடி குச்சி வைத்திருந்தாள். எனக்காகவா என்று கேட்டேன். இல்லையாம், 2020 கொரோனா சமயத்தில் சீனாவில் இதை வற்புறுத்திப் பிரசாரம் நடந்தது, அவள் வீட்டில் அப்போது பிடித்த பழக்கமாம். பாட்டி மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறாராம், சொந்தப் பேத்தியிடம் என்ன எச்சில் என்று.

பொதுக் குச்சியோ இல்லையோ, நல்ல துண்டாகப் பார்த்து என் கிண்ணத்தில் வைத்துக்கொண்டே இருந்தாள். போதும் என்றால் யார் கேட்கிறார்கள்? கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சம் வைத்தால்தான் நிறுத்துவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் நான் ரசம் வைத்தேன். சோற்றைத் தொடாமல் சூப்பாகவே குடித்து முடித்தாள். மிச்ச ரசத்தில் ஹுவாஜியாவைப் பொடித்துப் போட்டும் பார்த்தோம், பரவாயில்லை. செய்து பார்ப்பவர்களுக்கு ஒன்று: உள்ளே இருக்கும் கறுப்பு விதைகளை எடுத்துவிடுங்கள், மணல் மாதிரி கடிபடும். சிவப்புத் தோலை மட்டும் வெறும் சட்டியில் வறுத்துப் பொடித்தால் போதும்.